கசம் பரேடுக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு

போன டிசம்பரில் பெங்களூருக்கு இரண்டு தடவை டிக்கெட் எடுத்தேன். போனது ஒரு தடவைதான். என் மகன் அங்கே அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள எம்.இ.ஜி. சென்டரில், அதாவது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற ராணுவப் பொறியாளர் படையில், அக்னிவீர் (நாலு வருஷத்துக்கு எடுக்கிற ராணுவ வேலை) பயிற்சி முடித்துச் சத்தியப் பிரமாணம் எடுத்தான். அதற்குத்தான் கசம் பரேடு என்று பெயர். எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரை. சுற்றுவட்டாரத்தில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். 68 வயது அத்தையையும் (மாமியாரைத்தான் சொல்கிறேன்) பத்தாவது படிக்கும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நான் ஒருத்தியாகப் போய்த் திண்டாடியதை, இனிமேல் போகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தப்பு என்னுடையது. பையன் மே 1-ஆம் தேதி சேர்ந்தான், பயிற்சி 31 வாரம். தினசரி காலண்டரைப் புரட்டி எண்ணினேன், டிசம்பர் முதல் வாரம் வந்தது. பயிற்சிக் காலத்தில் பையன்கள் கையில் எந்நேரமும் போன் இருக்காது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் பேசக் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் "சாப்பிட்டியா, கால்வலி எப்படி இருக்கு" என்று கேட்பேனா, பரேடு எந்தக் கிழமை என்று கேட்பேனா? ஒரு வாரம் கேட்டேன். "முதல் வாரம் சனிக்கிழமை இருக்கும்னு பசங்க பேசிக்கிறாங்கம்மா" என்றான். பசங்க பேசிக்கொண்டதை வைத்து, அறுபது நாள் முன்பு ரயில் முன்பதிவு திறந்த அன்றே கும்பகோணத்திலிருந்து மைசூர் வண்டியில் மூன்று பேருக்குப் போக வர ஸ்லீப்பர் போட்டுவிட்டேன். உறுதியான டிக்கெட் கையில் இருந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. ஸ்லீப்பர் டிக்கெட்டை இரண்டு நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் ஆளுக்கு 120 ரூபாய்தான் அப்போது பிடித்தார்கள். அது தாங்கும். நான் அதே உற்சாகத்தில் ஒரு லாட்ஜையும் இரண்டு இரவுக்கு 3,600 ரூபாய் கட்டி ஆன்லைனில் பதிவு செய்தேன். 200 ரூபாய் குறைவாக இருந்ததால் 'ரத்து செய்தால் பணம் திரும்பாது' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த 200 ரூபாய் ஆசைதான் முழுப் பணத்தையும் விழுங்கியது. நவம்பர் மூன்றாவது ஞாயிறு பையன் போன் செய்து, "அம்மா, தேதி சொல்லிட்டாங்க, டிசம்பர் முதல் வாரம் இல்ல, அதுக்கு அடுத்த வாரம் புதன்" என்றான். என் சனிக்கிழமைக்கு நாலு நாள் தள்ளி. லாட்ஜுக்காரரிடம் தேதியையாவது மாற்றித் தாருங்கள் என்று கெஞ்சினேன். முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆகவே, பரேடு தேதி உறுதியாகும்வரை ரயில் டிக்கெட் மட்டும் எடுங்கள், அதுவும் ரத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு. மற்ற எதற்கும் பணம் கட்டாதீர்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போனுக்கு முன்னால் கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதி என்ன, எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், ஒரு பையனுக்கு எத்தனை பேர் வரலாம், என்ன அடையாள அட்டை வேண்டும், போன் கொண்டுபோகலாமா, பரேடு முடிந்ததும் லீவு உண்டா, லீவு என்றால் எந்த நாள் எந்த நேரம் வெளியே விடுவார்கள். கடைசிக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. அதற்கான தண்டனை பின்னால் வரும்.

புதுத் தேதிக்கு ரயிலைப் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட் நீளமாக நின்றது. கார்த்திகை மாதம், ஐயப்ப சாமிமார்கள் கூட்டம் ஒரு பக்கம், முகூர்த்தம் ஒரு பக்கம். சரி, தட்கல் இருக்கிறதே என்று முதல் நாள் காலை 11 மணிக்கு உட்கார்ந்தேன். ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்குத்தான் திறக்கும், ஏசிக்கு 10 மணி. இப்போது தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், ஓடிபியும் வரும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ரயில்வே கணக்கு அவர் பெயரில், அவர் நம்பரில் இருக்கிறது. ஓடிபி மஸ்கட்டுக்குப் போயிற்று. அவரோ அந்த இந்திய சிம்மை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் இங்கே கத்துகிறேன், அவர் அங்கே அறைக்கு ஓடுகிறார், அதற்குள் வண்டி நிரம்பிவிட்டது. வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் டெல்டாக் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில் ஒரு கணக்கு தொடங்கி, ஆதாரை இணைத்து வையுங்கள். தட்கல் அன்று காலையில் செய்கிற வேலை இல்லை அது.

கடைசியில் ஆம்னி பஸ். ஆளுக்கு 1,450 என்று மூன்று பேருக்கு 4,350. திங்கள் இரவு கிளம்பும்போது கொட்டுகிற மழை. சம்பா வயலில் தண்ணீர் கட்டி நிற்க, வடிகாலைப் பார்த்துக்கொள்ளும்படி கொழுந்தனாரிடமும், மாட்டைப் பக்கத்து வீட்டிலும் ஒப்படைத்துவிட்டு ஏறினோம். பரேடு புதன்கிழமை, நாங்கள் செவ்வாய் காலையே போய்ச் சேருவது போல வைத்துக்கொண்டோம். நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பஸ் ஓசூர் தாண்டியதும் நெரிசலில் மாட்டி இரண்டு மணி நேரம் தாமதம். பரேடு அன்றே காலையில் போய் இறங்கலாம் என்று நினைத்திருந்தால், மகன் உறுதிமொழி எடுக்கும் நேரத்தில் நான் சாலையில் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மடிவாளாவில் இறக்கிவிட்டார்கள். மூட்டையும் முடிச்சுமாக மூன்று பெண்கள் நிற்பதைப் பார்த்த ஆட்டோக்காரர் 700 கேட்டார், 500-க்கு வந்தார். மறுநாள் ஆட்டோ ஆப்பில் அதே தூரத்தைப் போட்டுப் பார்த்தேன், 190. வயிறு எரிந்தது. இரண்டாவதாகப் பிடித்த லாட்ஜ் அல்சூர்ப் பக்கம், சென்டரிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அறை பன்னிரண்டு மணிக்குத்தான், இப்போதே வேண்டுமென்றால் இன்னும் 800 என்றார்கள். அத்தைக்கு ராத்திரி முழுக்கக் கால் தொங்கிக் கிடந்ததில் முழங்கால் வீங்கியிருந்தது. கொடுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அறை மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றபோது, நான் அழுதேன். பெண் பார்க்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். லாட்ஜ் படங்களில் கட்டில் தெரியும், படிக்கட்டு தெரியாது. போனில் கூப்பிட்டு லிப்ட் உண்டா, எத்தனாவது மாடி, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வெந்நீர் எங்களுக்கு ஏழு மணிக்கு மேல்தான் வந்தது, பரேடு அன்று நாங்கள் ஐந்து மணிக்குக் குளிக்க வேண்டியிருந்தது. டிசம்பர் பெங்களூர்க் குளிரில் பச்சைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் யாரிடம் இருக்கிறது? அன்று சாயங்காலமே அத்தைக்கு நடைபாதைக் கடையில் ஒன்று 450-க்கு வாங்கினேன். இன்னொன்று, உறுதியான ரயில் டிக்கெட் உள்ளவர்கள் ஸ்டேஷனிலேயே ரிட்டையரிங் ரூம் பதிவு செய்துகொள்ளலாம். விடியற்காலையில் போய் இறங்குபவர்களுக்குக் குளித்து உடை மாற்ற அதுவே போதும். எனக்குத் திரும்பி வந்த பிறகுதான் இது தெரிந்தது.

ஊர் சுற்றுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெண் லால்பாக், அரண்மனை, கப்பன் பார்க், விதான சௌதா, பன்னேர்கட்டா என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதால் அது தானாகவே கழிந்தது. மீதியில் நடந்தது அல்சூர் ஏரிக்கரை மட்டும். அங்கே திருவள்ளுவர் சிலை இருக்கிறது. பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி எடியூரப்பா முதல்வராக இருந்தபோது, கருணாநிதியும் வந்திருந்து திறந்த சிலை. "நம்ம திருக்குவளைக்காரர் வந்து நின்ன இடமா" என்று அத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். அல்சூரில் டீக்கடை, பூக்கடை, கோயில் வாசல் எங்கும் தமிழ் கேட்கிறது. மொழி தெரியாத ஊர் என்று நான் பயந்தது வீண். ஹலசூரு என்று பலகையில் இருந்தால் அதுதான் அல்சூர், மெட்ரோ ஸ்டேஷனும் அந்தப் பெயரில்தான் இருக்கும். அறைக்குத் திரும்பியதும் அத்தை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, இதுவும் காவிரிதானா என்று கேட்டார். ஆமாம், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேட்டுக்குப் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள் என்றேன். "நமக்கு மேட்டூர் திறக்க ஜூன் பன்னெண்டு வரைக்கும் காத்திருக்கணும், இவங்களுக்குக் குழாயைத் திறந்தா வருது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பரேடு அன்று ஆறு மணிக்கே வாசலில் வரிசை. பஞ்சாபி, தெலுங்கு, மலையாளம் எல்லாம் காதில் விழுந்தன. ஆதார் அசல் கேட்டார்கள், பையைத் திறந்து பார்த்தார்கள். அத்தையின் சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டி வெளியே வந்தது. சோதனை செய்த ஜவான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்கு அது என்ன ஆயுதம் என்றே புரியவில்லை. பாக்கு நறுக்குவது என்று அத்தை கையால் நறுக்கிக் காட்டியதில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. கடைசியில் என் பெண் ஓடிப்போய் ஒரு டீக்கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். சிரிப்புத்தான், ஆனால் வரிசையில் எங்கள் இடம் போய், உட்கார இடம் கிடைத்தது பின்வரிசையில். பழம் வெட்டும் கத்தி, பாக்குவெட்டி, எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டு, ஆதாரும் கைக்குட்டையும் ஒரு பாட்டில் தண்ணீருமாகப் போங்கள்.

எங்களைப் போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். ராணுவ இடம், சொல்வது நியாயம். ஆனால் மஸ்கட்டில் அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அங்கே ஐந்தரை மணிக்கே எழுந்து வீடியோ காலுக்காகக் காத்திருந்தார். பரேடு முழுக்க எனக்கு அந்த நினைப்பு முள்ளாகக் குத்தியது. முன்னாலேயே கேட்டு, முடியாது என்றால் முடியாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கலாம்.

பேண்டு வாத்தியம் தொடங்கியது. வரிசை வரிசையாக வந்தார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே முடிவெட்டு, ஒரே கைவீச்சு. என் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது, இப்போது எழுதுகிறேன். ஏழு மாதம் முன்பு கும்பகோணம் ஸ்டேஷனில் கன்னம் உப்பலாக ஏற்றிவிட்ட பையனைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தைதான், "அந்தா பாரு தங்கம், மூணாவது வரிசை, காதைப் பாரு" என்றார். அவன் தாத்தாவுக்கும் அதே விரிந்த காது. தேசியக்கொடி முன்னால், அவரவர் மதநூல் சாட்சியாகச் சத்தியம் செய்தார்கள். தரையிலோ கடலிலோ வானிலோ, அனுப்புகிற இடத்துக்குப் போவேன் என்கிறது அந்த உறுதிமொழி. அவன் அதை உரக்கச் சொன்னபோது எனக்குப் பெருமைக்கு முன்னால் பயம்தான் வந்தது. பரேடு முடிந்ததும் பெற்றோருக்கு கௌரவ் பதக்கம் என்று ஒன்று அணிவிக்கிறார்கள். அப்பா இல்லாமல் நான் மட்டும் நிற்க வேண்டுமே என்று அதுவரை கூசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பார்த்தால் பாதிப் பேர் அம்மா மட்டும்தான், அல்லது அண்ணன், தாத்தா.

பரேடு கலைந்ததும் கூட்டத்தில் அவனைப் பார்த்து, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "தம்பி!" என்று கத்தினேன். ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். 1780-இல் தொடங்கிய இந்தப் படையில் மெட்ராஸ் சாப்பர்களுக்கு, அதாவது இதன் வீரர்களுக்கு, பட்டாளம் முழுக்கத் தம்பி என்றுதான் பெயராம். எங்கிருந்து வந்த பையனானாலும் இங்கே தம்பிதான். சிரித்துக்கொண்டே வந்தவன், அப்பாயி காலில் விழுந்துவிட்டு, முதலில் கேட்டது "சாப்பிட என்ன கொண்டுவந்தீங்க?"

சாயங்காலம் வரை வெளியே விட்டார்கள். லால்பாக் போகலாம், மெட்ரோவில் போகலாம் என்று என் பெண் படபடத்தாள். அவன் எங்கள் அறைக்கு வந்தான், அத்தை கார்த்திகைக்குப் பிடித்து எடுத்துவந்த பொரி உருண்டையில் நாலைச் சாப்பிட்டான், கடையில் வாங்கிய தயிர்சாதத்தை ஊர் நார்த்தங்காய் ஊறுகாயோடு முடித்தான், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தான். மூன்று மணி நேரம் தூங்கினான். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் மூன்றரைக்கே எழுந்த பிள்ளையை எந்தப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போவது? பரேடு நாளுக்கு ஒரு திட்டமும் போடாதீர்கள். ஊர் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு முதல் நாளோ மறுநாளோ தனியாக வையுங்கள். என் பெண்தான் பாவம். ஜன்னல் வழியாகத் தெரிந்த பெங்களூர்தான் அவள் பார்த்த பெங்களூர்.

எழுந்ததும்தான் சொன்னான், லீவு உண்டு, ஆனால் நாளைக் காலையில்தான் விடுவார்கள், பொருள்களை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை பாக்கி இருக்கிறது என்று. நான் அன்று இரவே திரும்ப ஆம்னி பஸ்ஸில் மூன்று சீட்டு போட்டிருந்தேன், 3,900 ரூபாய். அவனுக்கென்று ஒரு சீட்டு போட வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். பரேடு முடிந்ததும் நேரே யூனிட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். ரத்து செய்ததில் பாதிப் பணம்தான் திரும்பியது. லாட்ஜில் இன்னொரு இரவு. மறுநாள் தட்கலுக்கும் நேரம் கடந்துவிட்டது. லீவு கிடைக்கும் என்றால், திரும்பும் டிக்கெட்டைப் பரேடுக்கு மறுநாள் இரவுக்கு, பையனையும் சேர்த்துப் போடுங்கள். கூடவே அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டியையும் கிட் பேக்கையும் கணக்கில் வையுங்கள். அந்தப் பெட்டியை இரண்டு பேர் தூக்க வேண்டும், ஆட்டோவில் அது ஏறினால் இரண்டு பேர்தான் ஏறலாம்.

அவன் வெளியே வர வியாழக்கிழமை பதினொரு மணி ஆகிவிட்டது. அரசு பஸ்ஸில், பெட்டிக்குத் தனி லக்கேஜ் டிக்கெட் வாங்கி, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று மாறி வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டியது. பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் கணக்கு எழுதினேன். முதல் டிக்கெட்டுகளை ரத்து செய்தது 720, போகாத லாட்ஜ் 3,600, பன்னிரண்டு மணிக்கு முன்னால் அறை எடுத்தது 800, ஆட்டோவில் ஏமாந்தது 310, திரும்பும் பஸ் 1,950. ஆக 7,380 ரூபாய், வெறும் அவசரத்துக்கும் கேட்காமல் விட்டதற்கும் கொடுத்தது. முதல் வருஷம் அக்னிவீர் சம்பளம் 30,000, அதில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகக் கைக்கு 21,000. அவன் ஒரு மாத உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு. அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா" என்று நோட்டை மூடினான். பாக்குவெட்டியை டீக்கடையிலேயே விட்டுவிட்டு வந்தது திருச்சி தாண்டித்தான் அத்தைக்கு ஞாபகம் வந்தது.

போன வாரம் ஆவூரிலிருந்து ஒரு அம்மா விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் பையன் நவம்பர் முதல் தேதி சேர்ந்தவனாம். ஸ்வெட்டர் வேண்டாம், அது ஜூன் மாதம் என்று சொல்லிவிட்டு, கேள்விகள் எழுதிய நோட்டை அவரிடம் கொடுத்து, மேலே சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். காபி குடித்து முடித்துவிட்டுப் போனை எடுத்தார். "காலண்டர்ல எண்ணிப் பாத்துட்டேன் அக்கா, 31 வாரம், ஜூன் முதல் வாரம் வருது. லாட்ஜ் போட்டுடலாமா?"